தார் படிந்த கைகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு இந்தப் பகுதியில், 1965 ஜனவரியில் மதுரையில் கல்லூரி மாணவனாக இருந்தபோது இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டு, ஒரு சிறிய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தார் பூசிய கதையை நான்கு வரிகளில் சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் இருபது வயதைச் சுற்றியுள்ளவர்கள். மறுபாதியினர் என்னைப் போல எண்பதை எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். வழக்கமான கேள்விகளை அனுப்பியிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

கேள்வி: என் தாத்தாவும் 1965 போராட்டத்தில் கலந்துகொண்டவர். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஊர்வலத்தின் கடைசி வரிசையில் நடந்ததாகச் சொன்னார். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது நடுவரிசையில் நடந்தார். இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். தாத்தா ஊர்வலத்துக்கே தலைமை தாங்குகிறார். இதில் எதை நம்புவது?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், மகளே. சிரித்து முடித்ததும் என் வலது முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. அது போலீஸ் தடியடியில் பட்ட காயம் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பெரியவன் ஏழெட்டு வயதில் கேட்டான், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. தடியடி தொடங்கிவிட்டது என்று யாரோ கத்தியதைக் கேட்டு, ஒரு போலீஸ்காரரையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஓட்டமெடுத்து, யாருடையதோ ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி, அதன்மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லில் முழங்காலைக் கிழித்துக்கொண்டேன் என்பதே நடந்தது. அந்த வீட்டு அம்மாள் மஞ்சள் பற்றுப் போட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, வெளியே ஆள் நடமாட்டம் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார். நாற்பது ஆண்டுகள் நான் சொல்லிவந்த கதையில் அந்த அம்மாள் வரவே இல்லை. தடியடி என்று பொய் சொன்னதைவிட அந்த மோரை மறைத்துவிட்டதுதான் இன்று என்னை அதிகம் உறுத்துகிறது.

உங்கள் தாத்தாவின் நிலையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தோம். முன்னால் நின்று நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் சிலர் பின்னாளில் சட்டமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் போனார்கள். மற்ற நாங்கள் குமாஸ்தாக்களாகவும் வாத்தியார்களாகவும் மின்வாரியத்தில் கணக்குப் பார்ப்பவர்களாகவும் இருந்து ஓய்வு பெற்றோம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை நாட்டின் செய்தி நம் தெரு வழியாக நடந்து போயிருக்கிறது. அன்று நாமும் கூட நடந்தோம் என்ற நினைவை ஒருவர் வருடத்துக்கு ஒரு வரிசை முன்னால் நகர்த்திக்கொண்டால், அதைப் பெரிய குற்றமாக நான் எழுத மாட்டேன்.

ஆனாலும் உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். போராட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். காலில் செருப்பு இருந்ததா, மதியம் எங்கே சாப்பிட்டார், கையில் எவ்வளவு காசு இருந்தது, இரவு எந்த வீட்டில் படுத்தார், அவருடைய அம்மா என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகாத விவரங்கள் அவை என்பதால் வளராமல் அப்படியே இருக்கும். அவற்றைச் சொல்லத் தொடங்கியதும் தாத்தா தானாகவே கடைசி வரிசைக்குத் திரும்பி வந்துவிடுவார். அப்போது மட்டும் ‘முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே’ என்று கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குடியரசு நாள் ஆண்டுதோறும் வருகிறது. குறிப்பாக 1965ஆம் ஆண்டில் மட்டும் ஏன் அத்தனை கொந்தளிப்பு? பாடப்புத்தகத்தில் இரண்டு வரிகளே இருக்கின்றன.
— பிளஸ் டூ மாணவன், ஓசூர்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் மேலும் 15 ஆண்டுகளுக்குத் தொடரும் என்றும் கூறியது. 1950உடன் 15ஐக் கூட்டினால் உங்கள் கேள்விக்கு விடை வந்துவிடும், தம்பி. இடையில் 1959இல், இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். ஆனால் 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் ‘தொடர வேண்டும்’ என்று சொல்லாமல் ‘தொடரலாம்’ என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தியது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா, தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாம் என்று வாதாடினார். 1964 மே மாதம் நேருவும் மறைந்தார். உறுதி கூறியவர் இல்லை, எழுத்தில் இருப்பதோ ஒரு ‘லாம்’ என்ற நிலையில், தி.மு.க. 1965 குடியரசு நாளைத் துக்க நாளாக அறிவித்தது. அதற்கு முதல் நாளே தலைவர்களைக் கைது செய்துவிட்டார்கள்.

மதுரையில் மாணவர் ஊர்வலம் ஜனவரி 25 அன்று நடந்தது. வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தருகே கைகலப்பாகி, மாணவர்கள் சிலருக்கு வெட்டு விழுந்தது. குடியரசு நாளுக்காகப் போட்டிருந்த பந்தல் எரிந்தது. பின்வரிசையில் இருந்த எனக்கு முதலில் தெரிந்தது புகை வாடைதான். இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதற்குள் கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும், ஓராண்டுக்கு முன்பு திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி செய்ததைப் போலவே, தீக்குளித்து மாண்டிருந்தார்கள். அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருக்கிறேன், ஆனால் அந்த முடிவைப் புகழ்ந்து பேச எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை மாநிலம் எரிந்தது. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழியைக் காப்பதாகச் சொன்னார். அது சட்டத்தில் ஏறியது 1967இன் திருத்தத்தில்தான்.

இவ்வளவும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. ஊர்வலத்தில் நடந்தபோது 343 என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அந்தச் சட்டத்தை முழுதாகப் படித்தது நாற்பது வயதில். பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், ரயில்வே தேர்வு எழுதி வேலைக்குப் போவேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார், அந்தத் தேர்வை இந்தியில் வைத்தால், இந்தி பேசும் வீட்டில் பிறந்தவனோடு ஓட்டப்பந்தயத்தில் காலைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். மொழிப்பற்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வயிற்றுப் பயம் அதைவிடக் கனமாக இருந்தது.

கேள்வி: உங்கள் தலைமுறையினர் வாங்கிய அடிகளை மட்டுமே பேசுகிறீர்கள். நீங்கள் அடித்தவற்றையும் எரித்தவற்றையும் பேசுவதில்லை. திருப்பூரில் இறந்த காவலர்களைப் பற்றி எந்த மேடையிலாவது பேசியிருக்கிறீர்களா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, ஈரோடு

பேசியதில்லை, அம்மா. திருப்பூரில் உதவி ஆய்வாளர்கள் இருவர் கும்பலின் கையில் எரிந்து இறந்தார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று நடக்கும் வீரவணக்கக் கூட்டங்களில் நானும் நான்கைந்து முறை பேசியிருக்கிறேன். அந்த இருவரைக் குறிப்பிட்டதில்லை. துப்பாக்கிச் சூடுகளில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதைச் சொல்வோம். அரசுக் கணக்கே சுமார் 70 பேர் என்றது. அதைப் போலப் பல மடங்கு இருக்கும் என்போர் உண்டு. அந்தக் கணக்கைச் சொல்லும்போது குரல் உயரும். மற்ற கணக்கு வரும் இடத்தில் தண்ணீர் குடிப்போம்.

நீங்கள் கேட்டுவிட்டதால், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். கல்லூரியை மூடிவிட்டதால் பிப்ரவரியில் நான் என் அம்மா பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு கிளைத் தபால் நிலையம் இருந்தது. நிலையம் என்றால் கட்டடம் ஏதும் இல்லை. ஒரு தொடக்கப்பள்ளி வாத்தியார் தம் வீட்டுத் திண்ணையில் ஒரு மேசையும் ஒரு தராசும் வைத்துக்கொண்டு அந்த வேலையையும் பார்த்துவந்தார். நாங்கள் ஏழு பேர் போனோம். நான் ஒருவன்தான் கல்லூரி மாணவன்; எனவே அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாத்தியார் கைகூப்பவில்லை, சத்தம் போடவும் இல்லை. ‘பலகையைக் கழற்றிக்கொண்டு போங்கள் தம்பிகளா, பையை மட்டும் விட்டுவிடுங்கள், காலையில்தான் வந்தது, இன்னும் பிரிக்கவில்லை’ என்றார். நாங்கள் பலகையையும் எடுத்தோம், பையையும் எடுத்தோம். தெருமுனையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினோம். சாக்குப் பை உடனே பற்றவில்லை. ஒருவன் அதை அவிழ்த்து உதறினான். அஞ்சலட்டைகளும் உள்நாட்டுக் கடிதங்களும் சிதறின. நீல நிற உள்நாட்டுக் கடிதம் எரியும்போது ஓரம் சுருண்டு, உள்ளே இருக்கும் எழுத்து ஒரு கணம் தெரிந்து மறையும். எல்லாம் தமிழ் எழுத்து.

தீ அடங்கும் நேரத்தில் ஒரு பாட்டி வந்தார். அவருடைய மகன் ராணுவத்தில் இருந்தார் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. எங்களைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் சாம்பலைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். எழுத்துத் தெரியாத அவர் எதைத் தேடினார் என்று நான் அறுபது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று அந்தப் பையில் அவருக்குக் கடிதம் இருந்ததா, இல்லையா என்பது எரித்த எனக்கும் தெரியாது.

எங்கள் கோரிக்கை சரியானதே என்று இன்றும் நம்புகிறேன். அந்தப் பாட்டிக்கு அது எந்த வகையிலும் பதிலாகாது என்பதையும் சேர்த்தே நம்புகிறேன்.

கேள்வி: அந்தப் போராட்டத்தில் பெண்கள் இல்லையா?
— வாசகி, திண்டுக்கல்

1938 போராட்டத்தில் கைக்குழந்தைகளோடு சிறை சென்ற பெண்கள் இருந்தார்கள். 1965இல் எங்கள் ஊர்வலத்தில் மாணவிகள் குறைவாகவே இருந்தார்கள். ஏன் குறைவு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. என் அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். தார் பட்ட என் ஒரே வெள்ளைச் சட்டையை அப்பா கண்ணில் படாமல் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் மாற்றி மாற்றித் தேய்த்து மூன்று நாளில் கறையை எடுத்தாள். ‘எதுக்குடா இதெல்லாம்?’ என்று கேட்டாள். நான் பெரிய மனிதனைப் போல விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘சரி, எனக்கு எந்த மொழியிலும் பரீட்சை இல்லை’ என்றாள்.

கேள்வி: 1965இல் மாணவர்களின் போராட்டத்தைப் பெரியார் ஆதரிக்கவில்லை என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் நீங்கள் எல்லோரும் யாருடைய பிள்ளைகள்?
— முதுகலை வரலாற்று மாணவர், புதுச்சேரி

உண்மைதான். அன்று காமராஜரின் காங்கிரஸை ஆதரித்து நின்ற பெரியார், மாணவர் போராட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அதைவிட எங்களைத் திகைக்க வைத்தவர் ராஜாஜி. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது அவருடைய ஆட்சி. அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் பெரியார். 1965இல் ராஜாஜிக்கு வயது 86, பெரியாருக்கு 85. இந்தித் திணிப்பை ராஜாஜி எதிர்த்தார். எதிர்த்தவர்களைப் பெரியார் கண்டித்தார். இருபத்தேழு ஆண்டுகளில் இரண்டு கிழவர்களும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள் என்று விடுதியில் கேலி பேசினோம்.

கேலியாகப் பேசினாலும் உள்ளுக்குள் வலி இருந்தது. என் அறைத் தோழன் ஒருவன் பெரியார் படத்தைப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்திருந்தவன். அந்த வாரம் அதைக் கிழிக்கவும் மனமில்லாமல், பார்க்கவும் மனமில்லாமல், அதன்மேல் ஒரு நாட்காட்டித் தாளைச் செருகி வைத்தான். மார்ச்சில் தாளை எடுத்துவிட்டான்.

இப்போது அவர்களுடைய வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நிலையில் எனக்கு ஒன்று புரிகிறது. பெரியாருக்கு, காமராஜர் திறந்த பள்ளிக்கூடங்கள் முக்கியமாகப் பட்டன. அந்த ஆட்சி போய்விட்டால் அவையும் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்டுப் படித்தவன். சோறு போட்ட ஆட்சியை எதிர்த்துத்தான் தெருவுக்கு வந்தேன். அந்தச் சோறு இல்லையென்றால் தெருவுக்கு வரும் அளவுக்குப் படித்திருக்கவே மாட்டேன். இதை நன்றிகெட்டதனம் என்று அப்போது சொன்னவர்கள் இருந்தார்கள். படிக்க வைத்தவர், படித்தவன் தன்னையும் கேள்வி கேட்பான் என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பெரியாரின் கவலையைக் கிழவனின் தடுமாற்றம் என்று அன்று தள்ளியது தவறு. யாருடைய பிள்ளைகள் என்று கேட்டீர்கள். சண்டை போட்டுக்கொண்ட அந்த எல்லோருடைய பிள்ளைகளும்தான்.

கேள்வி: எனக்கு வயது 78. நானும் 1965இல் கல்லூரியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவன். என் பேரன் இப்போது கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்த்து உட்கார்ந்ததற்காக இடைநீக்கத்தில் இருக்கிறான். ‘நீங்கள் புத்தி சொல்லுங்கள்’ என்று என் மகன் என்னிடம் அனுப்புகிறான். எந்த முகத்தோடு நான் புத்தி சொல்வது?
— வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, முதலில் உங்கள் மகனிடம், உங்களை அனுப்பும் முன் உங்கள் பழைய கதையைத் தெரிந்துதான் அனுப்பினாரா என்று கேளுங்கள். நம்மில் பலர் செய்த காரியம் இது: மேடையில் வீரமாகச் சொன்னதை வீட்டில் மகனிடம் மறைத்துவிட்டு, அவன் ஒழுங்காகப் படித்து வேலைக்குப் போன பிறகு, பேரனிடம் மட்டும் அவிழ்த்தோம்.

என் அப்பா செய்ததைச் சொல்கிறேன்; அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. அவர் பஞ்சாலைத் தொழிலாளி. காமராஜர் பெயரைச் சொல்லும்போது தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். ஊர்வலம் நடந்த அன்று இரவு ஒன்பது மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அடி விழும் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், போலீஸைவிட அவரிடம்தான் எனக்குப் பயம். அவர் என் முழங்காலைப் பார்த்தார், ‘சாப்பிட்டாயா?’ என்றார். அம்மா தட்டு வைத்தார். நான் கை கழுவும்போது அப்பா சொன்னார்: ‘வடக்கு மாசி வீதியில் எரிந்த பந்தலைப் போட்டவன் நம் தெருக்காரன். கீற்றும் மூங்கிலும் அவனுடையது. கட்சிக்காரர்கள் இனி அவனுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள், உங்கள் ஆட்களும் கொடுக்க மாட்டார்கள்.’ நான் எரிக்கவில்லை என்றேன். ‘நீ எரித்தாய் என்று நான் சொல்லவில்லையே’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். போகாதே என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நான் மறுபடியும் போனேன், தாரும் பூசினேன், தபால் பையையும் எரித்தேன். ஆனால் பந்தல்காரரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கும் பழக்கம் அவர் இறக்கும் வரை என்னிடம் இருந்தது.

ஆகவே பேரனிடம் புத்தி சொல்லாதீர்கள், செய்தி கேளுங்கள். எத்தனை நாள் இடைநீக்கம், தேர்வெழுத விடுவார்களா, கூட உட்கார்ந்தவர்களில் கட்டணம் கட்ட முடியாத பையன் எவனாவது இருக்கிறானா, அவனுக்கு யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். தேவைப்பட்டால் கல்லூரி முதல்வரைப் பார்க்க அவனோடு போங்கள். போனால், உங்கள் 1965 கதையை அங்கே எடுத்துவிடாதீர்கள். 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் தமுக்கம் மைதானத்தில் கூடியிருந்தபோது நானும் ஒரு மாலை போயிருந்தேன். இருட்டியதும் ஆயிரக்கணக்கான கைபேசி விளக்குகள் எரிந்தன. சில பிள்ளைகள் சாக்கோடு சுற்றிச் சுற்றிக் குப்பை பொறுக்கினார்கள். என் வயதுக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கி, ‘அறுபத்தைந்தில் நாங்கள்’ என்று தொடங்கிப் பதினைந்து நிமிடம் பேசினார். ஒரு பெண் பிள்ளை பொறுமையாகக் காத்திருந்து, ‘நன்றி தாத்தா, தண்ணீர் குடியுங்கள்’ என்று சொல்லி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள். அந்தத் தாத்தா நான் இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

கேள்வி: 1967இல் ஆட்சி மாறிய அன்று எப்படிக் கொண்டாடினீர்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

வாக்களிக்கும் வயது அப்போது 21. எனக்கு நான்கு மாதம் குறைந்தது. ஆட்சியை மாற்றினோம் என்று சொல்லிக்கொள்ளும் என் வயதுக்காரர்களில் பலர் அன்று ஓட்டே போட்டிருக்க முடியாது என்பதைப் பேரப்பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விருதுநகரில், மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்த செய்தி வந்தபோது தெருவே வெடி வெடித்தது. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. நான் வெளியே கொண்டாடிவிட்டு வந்து, அவருக்காகச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

கேள்வி: உங்கள் பேரப்பிள்ளைகள் இந்தி படிக்கிறார்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.
— வாசகர், சென்னை

படிக்கிறாள். என் பேத்தி புனேயில் வளர்கிறாள். தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் நான்கும் பேசுகிறாள். தெருவில் விளையாடுவதற்கு அவளுக்கு இந்தி தேவைப்பட்டது, வந்துவிட்டது. எவரும் அவளைத் தேர்வில் தோற்கடிக்க அதைப் பயன்படுத்தவில்லை. நாங்கள் எதிர்த்தது கட்டாயத்தை; இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், எங்கள் ஊர்வலத்திலும் இருந்தார்கள். நான் தார் பூசிய ரயில் நிலையத்தின் பெயரை இந்தியில் எப்படி எழுதுவது என்று சென்ற கோடையில் அவளிடம் கேட்டேன். ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அன்று என்ன எழுத்தை அழித்தேன் என்பதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

கேள்வி: தாத்தா, தார் எங்கே கிடைத்தது?
— எட்டாம் வகுப்பு மாணவன், சிவகாசி

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சாலை போடுவதற்காகக் கோரிப்பாளையம் பக்கம் தார்ப் பீப்பாய்களை இறக்கி வைத்திருந்தார்கள். இரவில் போய், உடைந்த பீப்பாய் ஒன்றிலிருந்து கட்டியாகப் பெயர்த்து ஒரு வாளியில் எடுத்துக்கொண்டோம். தார் கட்டியாக இருந்தால் பூச முடியாது. சுள்ளி பொறுக்கிக் காய்ச்சி, மண்ணெண்ணெய் ஊற்றி இளக்க வேண்டும். நாங்கள் அளவு தெரியாமல் மண்ணெண்ணெயை அதிகமாக ஊற்றிவிட்டோம். தென்னை மட்டையை நசுக்கித் தூரிகையாக்கிப் பூசியபோது, இந்தி எழுத்தின் மேல் பூசிய தார் நீர்த்துப்போய் வழிந்து, கீழ்வரியில் இருந்த ஆங்கில எழுத்தையும் மூடிவிட்டது. எந்த ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று போராடினோமோ, அதையும் சேர்த்து அழித்துவிட்டு, விடிவதற்குள் ஓடிவந்தோம்.

தார் துணியிலிருந்தாவது போகும், நகக்கண்ணிலிருந்து எளிதில் போகாது. கல்லூரி மறுபடியும் திறந்த அன்று முதல் வகுப்பு கணக்கு. பேராசிரியர் கண்டிப்பானவர், மாணவர்கள் தெருவுக்கு வருவதை வெளிப்படையாகவே எதிர்த்தவர். வருகைப் பதிவேட்டில் என் பெயரைப் படித்ததும் நான் எழுந்து கையை உயர்த்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். பிறகு பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த பெயரைப் படித்தார்.